காப்பிரி முத்தப்பனின் மதில்

இன்றைக்குக் கொச்சி போகலாம். கூட்டம் மொய்க்கும் சீனவலைக் கடற்கரைக்கு இல்லை. அங்கிருந்து தென்கிழக்கே, சுக்கும் மிளகும் மூட்டைகளாய் அடுக்கியிருக்கும் மட்டாஞ்சேரிக்கு.

எர்ணாகுளத்தில் பஸ் ஏறினால் தோப்பும்படி வழியாக வந்து சேரலாம். போர்ட்கொச்சி வரை படகில் வந்து, அங்கே ஆட்டோ பிடிப்பவர்களும் உண்டு. எந்த வழியில் வந்தாலும் மட்டாஞ்சேரி கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். இஞ்சி காயும் வாசனை, ஏலக்காய், சாக்குத் தூசு, அதற்கடியில் காயலின் உப்புச் சேறு. பஜார் ரோட்டில் ஓட்டுக் கூரை வேய்ந்த பழைய கிட்டங்கிகள் நீரைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. ஒரு தெருவில் கொங்கணி கேட்கும், அடுத்த தெருவில் குஜராத்தி. இன்னும் கொஞ்சம் நடந்தால் தமிழே கேட்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வழிகாட்டிப் புத்தகங்கள் உங்களை இரண்டு இடங்களுக்கு அனுப்பும். 1555-இல் போர்ச்சுக்கீசியர் கொச்சி அரசருக்குக் கட்டிக் கொடுத்த அரண்மனை ஒன்று, 1568-இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளி மற்றொன்று. இரண்டும் பார்க்க வேண்டியவைதான், பாருங்கள். ஆனால் நான் உங்களை அழைத்துப் போக நினைப்பது, நுழைவுச்சீட்டும் அறிவிப்புப் பலகையும் இல்லாத ஓர் இடத்துக்கு. மங்காட்டுமுக்கு எங்கே என்று கேளுங்கள். அது தெரியவில்லை என்றால் காப்பிரி முத்தப்பன் எங்கே என்று கேளுங்கள். சின்னப் பையன்கூடக் கை காட்டுவான்.

அங்கே இருப்பது ஒரு மதில். அதையொட்டி ஒரு சிறு திண்டு. சிலை இல்லை, கோபுரம் இல்லை, பூசாரி இல்லை. உருகி வழிந்த மெழுகு படிந்திருக்கும். சில நாள் மாலை கிடக்கும், சில நாள் பாதி புகைந்த சுருட்டு. இந்த மதிலில் ஓர் ஆவி குடியிருப்பதாக மட்டாஞ்சேரி நம்புகிறது. அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கள்ளும் சாராயமும் வைக்கிறார்கள். புட்டு, அவித்த முட்டை, இறைச்சி படைக்கிறார்கள். படைப்பவர்களில் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உண்டு. தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும், மகள் கல்யாணம் முடிய வேண்டும், கடலுக்குப் போனவன் கரை திரும்ப வேண்டும். வேண்டுதல்கள் எல்லா ஊரிலும் இருப்பவைதான். வேண்டப்படுபவர்தான் வேறு. அவர் ஆப்பிரிக்கர், கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமை.

ஊர் சொல்லும் கதை இது. 1663 ஜனவரி. ரைக்லாப் வான் கூன்ஸ் என்பவரின் தலைமையில் டச்சுப் படை கொச்சிக் கோட்டையை வளைத்துக்கொண்டது. நூற்று அறுபது ஆண்டுகளாக இங்கே வேரூன்றியிருந்த போர்ச்சுக்கீசியரின் காலம் முடிந்தது. சேர்த்து வைத்த பொன்னையும் வெள்ளியையும் கப்பலில் ஏற்ற வழியில்லை. ஆகவே மதில்களுக்குள்ளும் மரத்தடிகளிலும் புதைத்தார்கள். என்றாவது திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். அதுவரை யார் காப்பது? தங்களிடமிருந்த ஆப்பிரிக்க அடிமைகளைச் சங்கிலியோடு அந்தக் குழிகளுக்குள் நிறுத்தி, அவர்களைக் கொன்று, மதிலை எழுப்பி மூடிவிட்டார்கள். சாகும்போது அவர்களுக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்: நாங்கள் வரும்வரை காவல் இரு.

எஜமானர்கள் திரும்பி வரவே இல்லை.

இது வாய்மொழிக் கதை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வாய்மொழி ஒரு மதிலோடு நிற்கவில்லை. மட்டாஞ்சேரி, போர்ட்கொச்சி முழுக்க எத்தனையோ பழைய வீடுகளில், தோட்டங்களில், மரங்களில் காப்பிரி இருக்கிறார். நள்ளிரவில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். ஆளில்லாத மதில்மேல் சுருட்டு நெருப்பு கனன்றதாக, புகையிலை வாசனை வந்ததாகச் சொல்வார்கள். மரக்கிளையில் உட்கார்ந்து கள் குடித்துவிட்டுப் பாடியதாகவும் சொல்வார்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரே ஒரு விஷயம். இந்தக் கதைகளில் காப்பிரி யாரையும் அடிப்பதில்லை, யார் கழுத்தையும் நெரிப்பதில்லை. வழி தவறியவர்களுக்கு வழி காட்டுகிறார். மனசு வைத்தால் புதையல் இருக்கும் இடத்தையும் சொல்கிறார். அவரை முத்தப்பன் என்று அழைக்கிறார்கள். நம் பேச்சில் பாட்டன். பேயைப் பாட்டன் என்று கூப்பிடும் ஊர் இது.

தமிழ் நேயர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. முத்துப்பட்டனும் மதுரை வீரனும் காத்தவராயனும் கொலையுண்ட பிறகுதான் நமக்குத் தெய்வமானார்கள். சுடலைமாடனுக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கிற கைகள், மங்காட்டுமுக்கில் என்ன செய்ய வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முத்துப்பட்டனுக்கு ஊர் உண்டு, பேர் உண்டு, வில்லுப்பாட்டு உண்டு. காப்பிரிக்குப் பேரே இல்லை. எந்தக் கரையில் பிறந்தார், தாய் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதற்கு ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. காப்பிரி என்பது அவரைப் பிடித்து விற்றவர்கள் அந்தக் கூட்டம் முழுவதற்கும் வைத்த பெயர்.

ஆனால் அந்தக் கூட்டம் வெறும் கதை இல்லை. 1583 முதல் 1588 வரை கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், மொசாம்பிக்கிலிருந்து அடிமைகள் ஏராளமாகக் கொண்டுவரப்படுவதையும் சந்தையில் விற்கப்படுவதையும் எழுதி வைத்திருக்கிறார். சுமை தூக்கினார்கள், கப்பலில் வேலை செய்தார்கள், போரில் முன்னால் நிறுத்தப்பட்டார்கள். டச்சுக்காரர் வந்ததும் இது நின்றுவிடவில்லை, திசை மாறியது. இப்போது கொச்சியிலிருந்து மலையாள நாட்டு மக்கள் வெளியே விற்கப்பட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் நகரத்துப் பழைய பதிவேடுகளில் பெயருக்குப் பின்னால் 'மலபார்' என்று எழுதப்பட்ட அடிமைகள் வருகிறார்கள். 'சோழமண்டலக் கரை' என்று எழுதப்பட்டவர்களும் வருகிறார்கள். அவர்கள் நம்மவர்கள். 1659-இலிருந்து 1661 வரை தஞ்சாவூர்ச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை டச்சுக் கப்பல்களில் இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு படி நெல்லுக்குப் பிள்ளையை விற்ற காலம்.

கொச்சி டச்சு நிர்வாகத்தின் ஆவணங்கள் இப்போது எங்கே இருக்கின்றன தெரியுமா? சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். அடிமைகள் கைமாறிய பத்திரங்களும் அந்தக் கட்டுகளில் இருக்கின்றன. நிலம் விற்றால் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்கள்: பெயர், வயது, சாதி, விலை. தினமும் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு ஓடுகிற நம்மில் எத்தனை பேருக்கு, பக்கத்துக் கட்டடத்தில் அப்படி ஒரு காகிதம் தூங்குகிறது என்று தெரியும்? பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் செய்தது. கொச்சி அரசு 1854-இல்தான் அதை ஒழித்தது. கொச்சிக் கோட்டையே அதற்கு முன்னால், 1806-இல், பிரிட்டிஷாரால் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டுவிட்டது. கோட்டை மதில் போய்விட்டது, காப்பிரியின் மதில் மட்டும் ஊர் நினைவில் நிற்கிறது.

இன்னொரு மெழுகுவர்த்தியையும் சொல்லிவிடுகிறேன். இதே மட்டாஞ்சேரியில், வீடுகளுக்கு நடுவே நெகேமியா மோத்தா என்ற யூதக் கவிஞரின் கல்லறை இருக்கிறது. 1615-இல் இறந்தவர். ஊரார் அவரை ஞானியாக நினைக்கிறார்கள். இப்போது இங்கே யூதர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை. ஆனாலும் அந்தக் கல்லறையில் விளக்கேற்ற அக்கம்பக்கத்து இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் வருகிறார்கள். இறந்தவர் எந்த மதம், எந்த நிறம், எந்தக் கண்டம் என்று இந்த ஊர் விளக்கேற்றும்போது கேட்பதில்லை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஏன் என்றால், இதே ஊர்க்காரர்களை அடைத்து வைத்த வேறு மதில்களுக்கு, மனநலக் காப்பகங்களின் மதில்களுக்கு, அந்தப் பேறு கிடைக்கவில்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து போர்ட்கொச்சிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் பிரிட்டிஷார் காலத்தில் இந்த நடை தூரத்துக்குள் ஓர் அரசியல் எல்லை இருந்தது. மட்டாஞ்சேரி கொச்சி ராஜ்யம். போர்ட்கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. ஒருவருக்கு மனநிலை தவறியது என்று வையுங்கள். நிர்வாகக் கணக்குப்படி, வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் கோழிக்கோடு குதிரவட்டம், 1872-இல் திறந்த காப்பகம். இந்தப் பக்கம் இருந்தால் திருச்சூர், கொச்சி அரசு 1889-இல் படிஞ்ஞாறேக்கோட்டையில் நிறுவிய காப்பகம். பிரிட்டிஷ் பகுதியில் 1858-ஆம் ஆண்டின் சட்டப்படி மருத்துவ அதிகாரியின் சான்றை வைத்து மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டால், ஆளை உள்ளே அனுப்பிவிடலாம். மருத்துவமனை என்ற பெயரெல்லாம் பின்னால் வந்தது. முதலில் கட்டியது மதில்.

காப்பகம் வருவதற்கு முன்னும், வந்த பின்னும், கொச்சிக்காரர்கள் போன இன்னொரு இடம் சோட்டானிக்கரை. திருப்பூணித்துறைக்குப் பக்கம், பகவதி கோயில். பேய் பிடித்தவர்கள் என்று குடும்பம் நம்பியவர்களை அங்கே கூட்டி வருவார்கள், நாள்கணக்கில் பஜனை இருப்பார்கள். கீழ்க்காவில் இரவு குருதி பூஜை நடக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவந்த நீர், தீப்பந்த வெளிச்சம், விரித்த கூந்தலோடு ஆடும் பெண்கள். அங்கே ஒரு பாலை மரம். மரம் முழுக்க ஆணி. ஆவியை அதில் அறைந்து நிறுத்திவிட்டதாக நம்பிக்கை. ஒவ்வோர் ஆணியும் யாரோ ஒருவருடைய துன்பம். அதைப் பார்த்து எளிதாக முகம் சுளித்துவிட்டு நகர என்னால் முடியவில்லை. நூறு பேர் பார்க்க அழவும் கத்தவும் அப்படி ஆடும் பெண்ணுக்கு அங்கே இடம் கிடைக்கிறது. குடும்பம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு மருந்தும் கிடைக்க வேண்டும். ஆனால் அவளைப் போன்றவர்களை மதிலுக்குள் தள்ளிவிட்டு மறந்தவர்களைவிட, ராத்திரி முழுக்கக் கூட உட்கார்ந்திருக்கும் அவளுடைய அம்மா எனக்கு மேலானவர்.

அதே திருப்பூணித்துறையில்தான் ஹில் பேலஸ் இருக்கிறது. 1993-இல் பாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழ்' படத்தின் பகுதிகள் அங்கேயும் நம் பத்மநாபபுரம் அரண்மனையிலும் படமாயின. அதன் வழித்தோன்றலான 'சந்திரமுகி'யை 2005-இல் தமிழ்நாடே பார்த்தது. மலையாள மூலத்தில் பேயாகப் பேசப்படும் நாகவல்லி யார்? தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு, மாளிகையில் அடைக்கப்பட்டு, கொல்லப்பட்ட தமிழ் நடனப்பெண். அந்தக் கதையில் பேயை ஓட்டுபவர் மனநல மருத்துவர். ஆனால் பார்த்தவர்கள் மனசில் தங்கியது சிகிச்சை இல்லை, உருட்டிய கண்தான். அடைத்துவைத்தவனைப் பற்றி யாரும் பயப்படவில்லை, அடைபட்டவளைப் பார்த்துத்தான் பயந்தோம்.

பழைய மனநல மருத்துவமனைகளைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஆவிக் கதைகளும் இந்த வகைதான். ஆஸ்திரேலியாவில் பீச்வொர்த் என்ற ஊரில் 1867-இல் தொடங்கி 1995-இல் மூடிய காப்பகம் ஒன்று உண்டு. இப்போது அங்கே இரவில் காசு கொடுத்துப் பேய் பார்க்கும் சுற்றுலா நடக்கிறது. நம் ஊர்களிலும் பழைய வார்டுகளைப் பற்றிப் பேச்சு உண்டு: ராத்திரியில் அலறல் கேட்குமாம், பூட்டிய அறைக்குள் யாரோ நடப்பார்களாம். அந்த அலறலைக் கேட்டவர்கள் அன்றைக்கே இருந்தார்கள், ஆள் உயிரோடு இருந்தபோது. அப்போது யாருக்கும் அது பயமாக இல்லை. அவர் செத்து நூறு வருஷம் கழித்துத்தான் மயிர்க்கூச்செறிகிறது.

சென்னையைப் பாருங்கள். வேலன்டைன் கனோலி என்ற அறுவை மருத்துவர் 1794-இல் புரசைவாக்கத்தில் ஒரு காப்பகம் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்தில் அரசுக் காப்பகம் 145 பேரோடு ஆரம்பமாயிற்று. 1922-இல் பெயர் மாறியது, 1978-இல் மனநல நிலையமாக இன்னொரு தடவை மாறியது. பெயர் எத்தனை முறை மாறினாலும் நாம் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்துக்கொண்டோம். மலையாளிகள் குதிரவட்டத்தையும் திருவனந்தபுரத்து ஊளம்பாறையையும் அப்படித்தான் ஆக்கினார்கள். 1999-இல் தேசிய மனித உரிமை ஆணையம் நாட்டின் மனநல மருத்துவமனைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, அவற்றில் பலவும் சிறைகளைப் போல இருப்பதைச் சொன்னது. இரண்டே ஆண்டில் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியும் நேரம். மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகையில் தீ. உள்ளே இருந்தவர்களைக் காலில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

சங்கிலியோடு மதிலுக்குள் வைத்துக் கொன்ற கதையை 1663 என்று கேட்கும்போது நெஞ்சு பதறுகிறதே, இது 2001. ராமநாதபுரம் மாவட்டம். போர்ச்சுக்கீசியர் யாரும் அங்கே இல்லை. எந்த வடிவிலும் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று நாட்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாக எழுதியது 2017-இல்தான்.

மங்காட்டுமுக்கில் மெழுகுவர்த்தி ஏற்ற வந்த ஒரு வயதான உம்மாவிடம், பயமாக இல்லையா என்று கேட்டேன். "எதுக்கு மோளே பயம்? கெட்டிப் போட்டு கொன்னது அவரை. அவரா நம்மளைக் கொன்னாரு?" என்றார். அவர் பேசிய மலையாளத்தை நம் காதுக்குக் கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான். யார் யாரைக் கட்டிப்போட்டார்கள் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு தெளிவு இருந்தால் காப்பக மதில்களைப் பற்றிப் பேய்க்கதையே பிறந்திருக்காது, அல்லது வேறு மாதிரிப் பிறந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பகல் வெயிலில் போகாமல் சாயங்காலம் போங்கள். மதில் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிறது, வேண்டுதலுக்கு வந்தவர்கள் முகத்துக்கு நேரே படம் எடுக்காதீர்கள். மெழுகுவர்த்தி பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். அங்கிருந்து போர்ட்கொச்சியில் 'வெளி' என்ற பகுதிக்கு வந்தால் தோபி கானா, சலவைக் கூடம். முன்பே சொன்ன தமிழ் அங்கேதான் கேட்கும். டச்சுக்காரர் தங்கள் படையின் துணி வெளுக்கக் கூட்டி வந்த வண்ணார் குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்கிறார்கள். கல் தொட்டிகளில் வெளுத்து, கயிற்று முறுக்கில் துணி செருகிக் காயப்போட்டு, கரிப்பெட்டியில் தேய்க்கிறார்கள். தமிழில் பேசினால் வேலையை நிறுத்தாமலே பதில் சொல்வார்கள். ஒரு டீ குடிக்கும் நேரம் நின்று கேளுங்கள்.

சோட்டானிக்கரைக்கு எர்ணாகுளத்திலிருந்து பஸ் அடிக்கடி உண்டு. குருதி பூஜை பார்க்க வேண்டுமானால் இரவு தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். திருச்சூர்க் காப்பகம் இன்றும் அரசு மனநல மையமாக இயங்குகிறது. அது பார்வையிடும் இடம் இல்லை, வைத்தியத்துக்கு வருகிறவர்களின் இடம். அதன் வாசலில் நின்று படம் பிடிக்க வேண்டாம்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது, வீட்டில் ஒருவரைப் பற்றி வெளியே சொல்ல முடியாத கவலை இருக்கலாம். அவர் ராத்திரி தூங்குவதில்லை, தனக்குத்தானே பேசுகிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார் என்று. அல்லது அந்தக் கவலை உங்களைப் பற்றியே இருக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் ஒன்று நான்கு நான்கு ஒன்று ஆறு, 14416. கட்டணம் இல்லை. இரவிலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எண்ணை இன்னொரு முறை சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: 14416.